செக்கு எண்ணெய் விற்க நூறு பொய் ரிவ்யூ வேண்டாம்

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் காங்கேயம் பக்கம் இரண்டு வருடமாக மரச்செக்கு வைத்துக் கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். ஊருக்குள் நல்ல பெயர் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் பதினோராயிரம் பேர் ஃபாலோ செய்கிறார்கள், ஆனால் மாதம் முப்பது நாற்பது ஆர்டர்தான் வருகிறது. ஒரு மார்க்கெட்டிங் ஏஜென்சிக்காரர் 25,000 ரூபாய் கொடுத்தால் கூகுளில் நூறு ஐந்து ஸ்டார் ரிவ்யூ போட்டுத் தருகிறேன் என்கிறார். சமையல் வீடியோ போடும் ஒருவர் ஒரு ரீலுக்கு 40,000 கேட்கிறார். போன மாதம் ஒரு வாடிக்கையாளர் "எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது, ஏமாற்று வேலை" என்று கமெண்ட் போட்டார், பயந்துபோய் அழித்துவிட்டேன். "கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். சர்க்கரைக்கு நல்லது, கொலஸ்ட்ரால் குறையும் என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், அதற்கும் பெரிய பலன் இல்லை. வெளியூர் ஆட்களிடம் நம்பிக்கையை எப்படிச் சம்பாதிப்பது? தீபாவளிக்குள் ஏதாவது செய்ய முடியுமா? பெயர் போட வேண்டாம்.
வாசகி, திருப்பூர் மாவட்டம்

வணக்கம் சகோதரி,

முதலில் பணம் போகிற விஷயத்தைப் பேசிவிடுவோம். அந்த 25,000 ரூபாய் ரிவ்யூ வேண்டவே வேண்டாம், இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். 40,000 ரூபாய் ரீல் இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். நீங்கள் அழித்த அந்த கமெண்ட் இருக்கிறதே, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான விஷயம் எனக்கு அதுதான். அதைப் பற்றித்தான் நிறையப் பேசப் போகிறேன்.

உங்கள் ஊரில் உங்களை ஏன் நம்புகிறார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். செக்கு ஓடுவது அவர்கள் காதில் விழுகிறது. நிலக்கடலைப் பருப்பு மூட்டை இறங்குவதைப் பார்க்கிறார்கள். எண்ணெய் சரியில்லை என்றால் நேரில் வந்து சண்டை போடலாம், நீங்கள் ஊரை விட்டு ஓடிவிட மாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். சென்னையிலோ பெங்களூரிலோ போனில் உங்கள் பக்கத்தைப் பார்க்கிறவருக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. அவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு அழகான பாட்டில் படமும், "100% சுத்தமானது" என்ற வரியும்தான். அதே வரியை அவர் அன்றைக்கு இன்னும் பத்துப் பக்கங்களில் பார்த்திருப்பார். பதினோராயிரம் பேர் பார்த்தும் நாற்பது பேர்தான் வாங்குகிறார்கள் என்றால், மீதிப் பேருக்கு உங்கள் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை, நீங்கள் சொல்வதைச் சரிபார்க்க வழி இல்லாமல் நிற்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வழியை நீங்கள் போட்டுக் கொடுக்க வேண்டும்.

காசு கொடுத்து ரிவ்யூ வாங்குவது இதற்கு நேர் எதிரான வேலை. இதில் சட்டமும் இருக்கிறது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பவர் தானே வாடிக்கையாளர் மாதிரி வேஷம் போட்டு ரிவ்யூ எழுதக் கூடாது என்று சொல்கின்றன. ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலை கொண்டுவந்திருக்கிறது. கூகுளும் போலி ரிவ்யூவைக் கண்டுபிடித்தால் எடுத்துவிடுகிறது, காசோ தள்ளுபடியோ கொடுத்து ரிவ்யூ எழுதச் சொல்வதையே அது அனுமதிப்பதில்லை. சரி, சட்டத்தை விடுங்கள், வாங்குகிறவர் முட்டாள் இல்லை. காங்கேயம் பக்கத்துச் செக்குக்கு ஒரே வாரத்தில் நூறு பேர், அதில் பாதிப்பேர் எந்த ஊர் என்றே தெரியாத பெயர்களில், "சூப்பர் புராடக்ட், நைஸ் குவாலிட்டி" என்று எழுதியிருந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அப்புறம் உண்மையாக எழுதிய ஐந்தாறு பேரையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். 25,000 ரூபாய் கொடுத்து, இருக்கிற நல்ல பெயரையும் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

ரீல் விஷயம் கொஞ்சம் வேறு. காசு கொடுத்து ஒருவரைப் பேச வைப்பது தப்பில்லை, ஆனால் அது விளம்பரம் என்று பார்க்கிறவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதிமுறைகளும், 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இன்ஃப்ளுயன்சர்களுக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கின்றன. காசு வாங்காமல் இலவசமாக ஒரு டின் எண்ணெய் வாங்கிக்கொண்டு பேசினாலும் சொல்லியாக வேண்டும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை பத்து லட்சம் வரை, மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை அபராதம் போட அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நான் இப்போதைக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் அபராதம் இல்லை. அந்த ரீலைப் பார்த்து ஆயிரம் பேர் உங்கள் பக்கத்துக்கு வந்தால், வந்து பார்த்து நம்புகிற மாதிரி அங்கே இப்போது ஒன்றும் இல்லை. முதலில் அதை வைத்துவிட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடலாம்.

இப்போது அந்த கமெண்ட்.

"சிக்கு வாடை அடிக்கிறது" என்று எழுதியவர் காசு கொடுத்து வாங்கியவர். அவர் சொன்னதில் இரண்டு பாதி இருக்கிறது. முதல் பாதி எண்ணெயைப் பற்றி, இரண்டாவது பாதி உங்களைப் பற்றி. முதல் பாதி உண்மையாக இருக்கலாம், அதை நீங்கள் சோதித்தே பார்க்கவில்லை. கமெண்ட்டை அழித்ததன் மூலம் இரண்டாவது பாதியும் சரிதான் என்று அவருக்கு நீங்களே காட்டிவிட்டீர்கள். கோபமாகச் சொல்லவில்லை, பயத்தில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் சரிசெய்ய இன்னும் வழி இருக்கிறது, ஆர்டர் போட்டவர் என்பதால் அவர் நம்பர் உங்களிடம் இருக்கும்.

கூப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் டைப் அடிக்காதீர்கள், பேசுங்கள். "அண்ணா, நீங்கள் போட்ட கமெண்ட்டை நான்தான் அழித்தேன், பயந்துவிட்டேன், அப்படிச் செய்திருக்கக் கூடாது. பாட்டிலில் இருக்கிற தேதியைச் சொல்லுங்கள், எந்தத் தடவை ஆட்டியது என்று பார்க்கிறேன்" என்று ஆரம்பியுங்கள். அவர் திட்டுவார், திட்டட்டும். பாட்டில் எங்கே வைத்திருந்தார், எப்போது திறந்தார், வெயில் படும் ஜன்னல் ஓரமா, அடுப்புக்குப் பக்கத்திலா என்றெல்லாம் விசாரியுங்கள், ஆனால் அவர் தலையில் பழியைப் போடுகிற மாதிரி கேட்காதீர்கள். சுத்திகரிக்காத எண்ணெய் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கூரியர் வண்டியில் இரண்டு நாள் கொதித்து வந்த பாட்டிலாகக்கூட இருக்கலாம். பருப்பே பழசாக இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் புது பாட்டிலோ பணமோ, அவர் எதைக் கேட்கிறாரோ அதைக் கொடுத்துவிடுங்கள்.

பேசி முடித்ததும், உங்கள் பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். இந்த மாதிரி இருந்தால் போதும்: "போன மாதம் ஒருவர் எங்கள் கடலெண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது என்று எழுதினார். நாங்கள் அதை அழித்துவிட்டோம், அது தவறு. அவரிடம் பேசினோம். அந்த பாட்டில் இன்ன தேதி ஆட்டியது. அதே தடவை ஆட்டியதில் மிச்சம் இருந்த பாட்டிலைத் திறந்து பார்த்தோம், எங்களுக்கும் லேசாக வாடை தெரிந்தது. அந்தத் தேதி போட்ட பாட்டில் யாரிடம் இருந்தாலும் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்." திறந்து பார்த்து நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று எழுதுங்கள், எது உண்மையோ அது. இதைப் போட்டால் நாலு பேர் விலகிப் போவார்கள் என்று பயப்படுவீர்கள். போகலாம்தான். ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு மனதில் இருப்பது "ஏதாவது கோளாறு ஆனால் இவர்கள் என்ன செய்வார்கள்" என்ற ஒரே கேள்விதான். அதற்கு இதைவிடத் தெளிவான பதிலை எந்த இன்ஃப்ளுயன்சரும் சொல்லித் தர முடியாது.

இதைச் செய்ய உங்களிடம் ஒரு ஏற்பாடு இருந்தாக வேண்டும். ஒவ்வொரு தடவை ஆட்டும்போதும் தேதியும் தொகுதி (பேட்ச்) எண்ணும் போடுங்கள், அதை பாட்டிலிலும் ஒரு நோட்டிலும் எழுதுங்கள், எந்தத் தொகுதி யாருக்குப் போனது என்று குறித்து வையுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சின்ன பாட்டில் எடுத்து, லேபிள் ஒட்டி, இருட்டான அலமாரியில் அந்த எண்ணெயின் காலாவதித் தேதி வரை வையுங்கள். நாளைக்கு யாராவது புகார் சொன்னால் அந்த பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்க்கலாம். பெரிய கம்பெனிகள் செய்கிற வேலைதான், உங்களுக்கு இதில் செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை.

லேபிளையும் ஒரு முறை பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் உரிம எண் பதினான்கு இலக்கம், அது தெளிவாக இருக்க வேண்டும். சைவக் குறியான பச்சைப் புள்ளி, நிகர அளவு, தயாரித்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும், எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி, புகாருக்கு போன் நம்பர், முழு முகவரி எல்லாம் வேண்டும். 2022 ஜனவரி முதல் பில்லிலும் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் போட வேண்டும். இது சட்டத்துக்காக மட்டும் சொல்வதாக நினைக்காதீர்கள். அந்த எண்ணை எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்காஸ் தளத்தில் அடித்தால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, இன்னும் செல்லுமா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிறையப் பேருக்கு இது தெரியாது. நீங்களே போனில் அடித்துக் காட்டி ஒரு நிமிட வீடியோ போடுங்கள், "எங்கள் எண்ணை மட்டும் இல்லை, யாரிடம் வாங்கினாலும் இப்படிப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். வாங்குகிறவருக்குச் சோதிக்கக் கற்றுக்கொடுக்கிறவரை வாங்குகிறவர் மறக்க மாட்டார்.

விலைக்கு வருவோம், இதுதான் தினமும் உங்களைக் குடைகிற கேள்வி. "கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது" என்பவருக்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று எழுதவில்லை. தரம் உயர்ந்தது, ஆரோக்கியமானது என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டுக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் வாங்கிய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பருப்புக்கு மட்டும் 325 ரூபாய். ஒன்றரை கிலோ அளவுக்குப் புண்ணாக்கு வரும், கிலோ 40 என்றால் 60 ரூபாய் திரும்பி வருகிறது, மீதி 265. ஆட்டும் கூலி, கரண்ட் 30. பாட்டில், மூடி, லேபிள் 20. ஆக 315. உங்களுக்கு லிட்டருக்கு 40 ரூபாய் நிற்கட்டும், 355. அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி போட்டால் ஏறக்குறைய 373. கூரியர் தனி. இதை ஒரு தாளில் கையால் எழுதிப் படம் எடுத்துப் போடுங்கள், பருப்பு விலை மாறும்போது கணக்கையும் மாற்றிப் போடுங்கள், பருப்பு வாங்கிய ரசீதையும் பக்கத்தில் வையுங்கள். லாபம் 40 ரூபாய் என்பதையும் மறைக்காதீர்கள். லாபமே இல்லாமல் சேவை செய்கிறோம் என்று சொன்னால்தான் சந்தேகம் வரும்.

ரீஃபைண்ட் எண்ணெய் ஏன் விலை குறைவு என்பதையும் நேர்மையாகச் சொல்லுங்கள். பெரிய ஆலைகளில் ஆட்டிய பிறகு புண்ணாக்கில் நிற்கிற எண்ணெயையும் ஹெக்சேன் போன்ற கரைப்பானால் எடுத்துவிடுவார்கள், கடைசியில் அதில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் எண்ணெய் மிஞ்சும். செக்கில் அப்படி எடுக்க முடியாது, நிறைய எண்ணெய் புண்ணாக்கோடே போய்விடும், அதுதான் உங்கள் மாட்டுக்காரருக்கு லாபம். அதோடு கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பாமாயிலோ சூரியகாந்தியோ, கடலெண்ணெயே இல்லை. இவ்வளவு சொன்னால் போதும். "ரீஃபைண்ட் எண்ணெய் விஷம், கேன்சர் வரும்" என்ற பாதைக்குப் போகவே போகாதீர்கள். அது உண்மையும் இல்லை, பயந்து வாங்க வருகிறவர் நாளைக்கு வேறு யாராவது அதைவிடப் பெரிதாகப் பயமுறுத்தினால் அங்கே போய்விடுவார்.

அதே காரணத்துக்காக அந்தச் சர்க்கரை, கொலஸ்ட்ரால் பதிவுகளை இன்று இரவே எடுத்துவிடுங்கள். கமெண்ட்டை அழிக்கக் கூடாது, இதை அழிக்கலாம், அழித்தே ஆக வேண்டும். நீரிழிவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே தடுக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் தவறான உணவு விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம் இருக்கிறது. "கொலஸ்ட்ரால் ஃபைட்டர்" மாதிரியான வார்த்தைகளை எண்ணெய் லேபிளில் போடக் கூடாது என்று தனியாகவே விதி உண்டு. கொலஸ்ட்ரால் என்பது எந்தத் தாவர எண்ணெயிலும் இயற்கையாகவே கணக்கில் எடுக்கும் அளவுக்குக் கிடையாது, உங்கள் எண்ணெயில் இல்லை என்றால் பக்கத்துக் கடைப் பாமாயிலிலும் இல்லை. இதெல்லாம் தெரிந்த ஒரு டாக்டரோ ஆசிரியரோ உங்கள் பதிவைப் படித்தால் மற்ற எதையும் நம்ப மாட்டார். சர்க்கரை நோயாளி ஒருவர் அதை நம்பி மாத்திரையைக் குறைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் யாராவது "எனக்கு இதனால் சர்க்கரை குறைந்தது" என்று எழுதினாலும் அதை எடுத்து நீங்கள் பகிராதீர்கள்.

அதற்குப் பதிலாக எழுத உங்களிடம் எவ்வளவோ இருக்கிறது. கடலெண்ணெயில் அப்பளமோ முறுக்கோ போட்டால் நுரைத்துப் பொங்கும், ரீஃபைண்டில் பழகியவர்கள் அதைப் பார்த்து "கலப்படம்" என்று பயந்துவிடுவார்கள். பாட்டில் அடியில் மண்டி படியும், அதுவும் புகாராக வரும். மார்கழியில் பெங்களூர்க்காரர் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது, மெழுகு கலந்திருக்கிறீர்களா என்று கேட்பார். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், அது அதன் குணம். நல்லெண்ணெய் ஆட்டும்போது ஏன் கருப்பட்டி போடுகிறோம், நிறம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். இவை எல்லாவற்றையும் கேள்வி வருவதற்கு முன்னாலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுங்கள். எண்ணெய்க்கு எதிராக இருக்கிற விஷயத்தையும் சொல்லுங்கள்: செக்கு எண்ணெய் சீக்கிரம் புகையும், தீயைக் குறைத்து வைத்துப் பொரிக்க வேண்டும், பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்ச இது ஏற்றதில்லை, ரொம்ப நாள் சேமித்து வைக்கவும் முடியாது, அதனால் மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள் என்று. "குறைவாக வாங்குங்கள்" என்று விற்பவரே சொன்னால் அந்தப் பேச்சுக்கு ஒரு தனி மதிப்பு வரும்.

மற்றவர்கள் காட்டத் தயங்குகிற இடத்தை நீங்கள் காட்டுங்கள். பருப்பில் கருத்ததையும் பூஞ்சை பிடித்ததையும் பெண்கள் உட்கார்ந்து பொறுக்கி எடுக்கிறார்களே, அதை அப்படியே காட்டுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு வரும், சுத்திகரிக்காத எண்ணெயில் அது தங்கிவிடலாம் என்பதால் செக்குக்காரருக்கு இந்தப் பொறுக்கும் வேலைதான் உயிர். பொறுக்கித் தள்ளியது இவ்வளவு என்று ஒரு முறத்தில் கொட்டிக் காட்டினால், ஆரோக்கியம் என்ற வார்த்தையைச் சொல்லாமலேயே சொல்லிவிட்டீர்கள். காங்கேயத்தில் கொப்பரைக் களம் எல்லார் கண்ணிலும் படுகிற விஷயம். பூஞ்சை வராமல் இருக்கக் கொப்பரைக்குக் கந்தகப் புகை போடுகிறவர்கள் உண்டு. நீங்கள் போடாத கொப்பரை வாங்குகிறீர்கள் என்றால் எந்தக் களத்தில், எப்படிக் காய்ந்தது என்று அந்தக் களத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு படம் எடுங்கள். போட்டதைத்தான் வாங்குகிறீர்கள் என்றால் "சல்ஃபர் இல்லாதது" என்று எழுதாதீர்கள்.

எடிட்டிங், பின்னணி இசை, ட்ரோன் ஷாட் எதுவும் தேவையில்லை. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைத்துக் காட்டிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது, தமிழில் அந்த உயரத்தை முதலில் தொட்ட யூடியூப் சேனல் அதுதான். அதே ஆட்கள், அதே திறந்த வெளி, அம்மியில் அரைப்பதிலிருந்து பரிமாறுவது வரைக்கும் எதையும் மறைக்காமல் காட்டினார்கள். நீங்கள் ஒரு கோடிக்கு ஆசைப்பட வேண்டாம், ஆனால் அந்த மாறாத தன்மையை எடுத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், செக்கு ஓடும்போது பத்து நிமிடம் லைவ் போடுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்குக் கேமரா கூச்சம் இருந்தால் அவர் முகம் வர வேண்டியதில்லை, போனை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்க்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

ரீலுக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பங்கை லேபுக்குக் கொடுங்கள். ஆய்வகங்களுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் அமில மதிப்பு, பெராக்சைடு மதிப்பு, அஃப்ளடாக்சின், வேற்று எண்ணெய்க் கலப்பு இவற்றைப் பார்த்துத் தருவார்கள், கட்டணத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெராக்சைடு மதிப்பு என்பது எண்ணெய் சிக்குப் பிடிக்க ஆரம்பித்துவிட்டதா என்பதைச் சொல்கிற எண், உங்கள் பிரச்சினைக்கு நேராகப் பதில் தருவது அது. ரிப்போர்ட்டை முழுசாகப் போடுங்கள், எந்தத் தொகுதி எண்ணெய் என்பது தெரிய வேண்டும், ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன அர்த்தம் என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். ஒரு தடவை எடுத்த ரிப்போர்ட்டை மூன்று வருடம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், புதுப் பருப்பு சீசன் வரும்போதெல்லாம் மறுபடி எடுங்கள்.

ரிவ்யூ வேண்டாமா என்றால் வேண்டும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது தடவை வாங்குகிறவர் யார் யார் என்று நோட்டைப் பாருங்கள். அவர்களுக்கு மட்டும் "உங்கள் அனுபவத்தை, நல்லதோ கெட்டதோ, கூகுளில் எழுத முடியுமா" என்று லிங்க் அனுப்புங்கள், பதிலுக்குப் பரிசு எதுவும் சொல்லாதீர்கள். பத்துப் பேரில் இரண்டு பேர் எழுதுவார்கள். "எங்கள் மாமியாருக்கு வாசனை பிடித்தது, ஆனால் மூடியில் லேசாகக் கசிந்திருந்தது" என்று ஒரு ரிவ்யூ வந்தால் அது நூறு ஐந்து ஸ்டாருக்குச் சமம். கசிவுக்கு என்ன செய்தீர்கள் என்று அதன் கீழேயே எழுதிவிடுங்கள், மூடிக்கு உள்ளே சீல் வைக்க ஆரம்பித்துவிட்டோம் என்றால் அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இன்ஸ்டாகிராமை மட்டும் நம்பி உட்காராதீர்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை வந்தபோது லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் ஒன்றும் இல்லாமல் போனது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. வாங்குகிறவர்களின் பெயர், ஊர், நம்பர், என்ன எண்ணெய், எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதை உங்கள் நோட்டிலேயே வையுங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும், அதனால் உங்களை எத்தனை பேர் சேமித்திருக்கிறார்கள் என்பது பதினோராயிரத்தைவிட உங்களுக்கு உதவுகிற கணக்கு. கேட்காமல் யாரையும் குரூப்பில் சேர்க்காதீர்கள், தினமும் காலை வணக்கம் அனுப்பாதீர்கள், செக்கு ஓடுகிற நாளில் "இன்று ஆட்டுகிறோம், இத்தனை லிட்டர் வரும்" என்று ஒரு செய்தி போதும்.

தீபாவளிக்குள் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆர்டர் மும்மடங்கு ஆகும் என்றெல்லாம் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், இது மெதுவாக வருகிற விஷயம். ஆனால் கமெண்ட் விஷயத்தைச் சரிசெய்வது, விலைக் கணக்கு, லேபிள், பொரிக்கும்போது நுரைப்பது பற்றிய வீடியோ, இந்த நான்கையும் இந்த மாதத்திலேயே முடிக்கலாம், பலகாரம் சுடுகிற நேரத்துக்கு அந்த வீடியோ உதவும். லேப் ரிப்போர்ட் அதற்குள் வந்தால் நல்லது, வராவிட்டால் பரவாயில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் ஆர்டர் திடீரென்று குவிந்தால், உங்கள் செக்கில் ஆட்ட முடிகிற அளவைத் தாண்டிப் போகும். அப்போது பக்கத்து மில்லில் வாங்கி உங்கள் பாட்டிலில் ஊற்றி அனுப்பலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் முடியும் என்று இப்போதே கணக்குப் போட்டு, தீபாவளி ஆர்டருக்கு மொத்தம் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே பக்கத்தில் அறிவித்துவிடுங்கள், பழைய வாடிக்கையாளர்களுக்கு முதல் ஒரு வாரம் ஒதுக்குங்கள், அளவு முடிந்ததும் ஆர்டரை நிறுத்திவிட்டுக் காத்திருப்பவர்களின் பெயரை எழுதி வைத்து, தீபாவளி முடிந்து அடுத்த தடவை ஆட்டும்போது அவர்களுக்கு முதலில் அனுப்புங்கள்.